கலெக்டர் கேட்ட துப்பாக்கி

"அண்ணா, எங்க துப்பாக்கியைக் கலெக்டர் கேக்கறாராம்."

காபி பாதி டம்ளரில் இருக்கும்போது இப்படி ஒரு வாக்கியம் உங்கள் வாசலில் வந்து நின்றதுண்டா? எனக்கு நின்றது. ஆவணி பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை.

சொன்னவர் சரோஜா. என் பள்ளித் தோழன் நடராஜனின் மனைவி. கீழ்பென்னாத்தூருக்கு அப்பால், குன்றை ஒட்டிக் கொஞ்சம் நிலம். நடராஜன் போன பிறகு நிலம், கடலைப் பயிர், பயிர்ப் பாதுகாப்புக்கான துப்பாக்கி லைசென்ஸ் எல்லாம் சரோஜாவின் பெயருக்கு வந்துவிட்டன. காட்டுப்பன்றிகளும்தான்.

அவருக்குப் பின்னால் கொழுந்தன் குப்புசாமி. தோளில் நீளமாக ஒரு பொட்டலம். பழைய வாயில் புடவையில் சுற்றி, சணல் கயிற்றால் மூன்று இடத்தில் கட்டியிருந்தது.

"இதைப் பஸ்லயா எடுத்துக்கிட்டு வந்தீங்க?" என்றேன்.

"ஆமா சார். கண்டக்டர் இன்னா அதுன்னான். கரும்புன்னேன்."

"ஆவணியில ஏதுப்பா கரும்பு?"

"அதையேதான் அவனும் கேட்டான். லக்கேஜ் போடுடான்னேன். போட்டுட்டான்."

சரோஜா சிரிக்கவில்லை. வயர்க் கூடையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட லைசென்ஸை எடுத்து மேஜையில் வைத்தார். அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டார் — காற்றடித்தால் பறந்துவிடும் என்பது போல.

"காய் பிடிக்கிற நேரம்ணா. இப்ப துப்பாக்கியைப் புடுங்கிக்கிட்டா பன்னிங்க பாத்திக்குப் பாத்தி தோண்டிடும். போன வருஷம் பக்கத்துக் கொல்லையில ஒரு செடி மிஞ்சல. நான் இன்னா தப்பு பண்ணேன்? தவறாம ரென்யூவல் பண்ணிட்டுதானே இருக்கேன்?"

இளைய வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. எண்பத்தொன்பதில் நம் ஊர் மாவட்டத் தலைநகர் ஆகும்வரை நமக்குக் கலெக்டர் வேலூரில்தான் இருந்தார். அவர் தூரத்தில் இருந்தவரை அவரைப் பற்றிய பயமும் தூரத்தில் இருந்தது. இப்போது பக்கத்தில் வந்துவிட்டார். துப்பாக்கி லைசென்ஸ் கொடுப்பவர் அவர். நிறுத்துகிறவரும் அவரே. அப்படிப்பட்டவர் துப்பாக்கியைக் கேட்கிறார் என்றால்?

"யார் சொன்னது?"

"இவன்தான்" என்று கொழுந்தனைக் காட்டினார்.

குப்புசாமி விவரம் சொன்னார். துப்பாக்கி கொஞ்ச நாளாகவே மக்கர். மூன்று முறை அமுக்கினால் ஒரு முறைதான் வெடிக்கிறது. ரிப்பேருக்கு வழி கேட்க வேலூரில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் பாய், மாடல் என்ன என்று கேட்டிருக்கிறார். ஒற்றைக் குழல், ஒற்றைத் தோட்டா, கீழே லீவர் என்று இவர் வர்ணித்ததும் பாய் எழுந்தே நின்றுவிட்டாராம்.

"'அந்த மாடலா? கலெக்டர் ஒருத்தரு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்காருப்பா. எடுத்துக்கிட்டு வாங்க, இங்கிலீஷ் ஒரிஜினலா இருந்தா அதுக்குப் பதிலா புதுசே குடுத்துடறேன்'னாரு சார். நான் அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. வந்துட்டேன்."

"கேக்கறதுக்கு இன்னாடா வலிக்குது உனக்கு?" — சரோஜா.

"கலெக்டர்னு சொல்றாரு அண்ணி. ஏன்னு கேட்டு மாட்டிக்கவா?"

குப்புசாமிக்கு இன்னொரு நியாயமும் இருந்தது. அந்தத் துப்பாக்கியை அவர் தாத்தாவுக்குக் கொடுத்ததே ஒரு வெள்ளைக்கார கலெக்டர்தான். ஜவ்வாது மலையில் வேட்டைக்குத் துணை போனதற்காகத் தன் தோளிலிருந்து கழற்றிக் கொடுத்தாராம். குடும்பக் கதை. "குடுத்தவங்களே திருப்பிக் கேக்கறாங்க. அவ்ளோதான் சார்."

எந்தத் துரை, எந்த வருஷம் என்று கேட்டேன். என் வியாதி அது. உங்களுக்குத் தெரியாததா?

"பேரெல்லாம் தெரியாது சார். செவப்பா இருப்பாராம்."

பொட்டலத்தைப் பிரித்தோம். நல்ல கனம். வழவழவென்று வெள்ளி போல மின்னியது. குழல் ஒன்று. விசைக்குப் பின்னால், கைப்பிடிக்கு அடியில், வளையமாக ஒரு லீவர். அதைக் கீழே தள்ளினால் உள்ளே ஓர் இரும்புக் கட்டை இறங்கி வழி விடும். கட்டை விரலால் ஒரு தோட்டாவைத் தள்ளி, லீவரை மேலே இழுத்தால் மூடிக்கொள்ளும். ஒரு தோட்டா, ஒரு வெடி. மறுபடி முதலிலிருந்து.

பெட்டி பெட்டியாய்த் தோட்டா அடைத்துத் தடதடவென்று சுடும் துப்பாக்கிகள் வருவதற்கு முந்தைய காலத்து யோசனை இது. படித்திருக்கிறேன். இரண்டாவது வாய்ப்பு கிடையாது என்பதால் முதல் குறியிலேயே கவனம் குவியும். குறி பார்க்கும் கலைக்கு இந்த வகைதான் சிகரம் என்று புத்தகங்கள் உருகுகின்றன. அந்தச் சிகரம் கீழ்பென்னாத்தூர் பக்கம் இத்தனை காலமாக வானத்தைத்தான் சுட்டுக்கொண்டிருந்தது. சட்டப்படி பன்றியைச் சுடக் கூடாது. சத்தம் காட்டி விரட்டலாம்.

"எனக்கு சத்தம் வரணும். பன்னி ஓடணும். அவ்ளோதான்ணா" என்றார் சரோஜா. "ஒரிஜினலா இல்லையான்னு நீங்க பாருங்க. எல்லாத்துக்கும் வருஷம் சொல்வீங்களாமே, அவரு சொல்லியிருக்காரு. இதுக்கும் ஒண்ணு சொல்லுங்க. கலெக்டர் கேட்டா கையில ஒரு பதில் இருக்கணும்."

பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். இந்த வகைத் துப்பாக்கிகளில் லீவருக்கு மேலே, வலது பக்கத்தில், ஒரு கிரீடம் பொறித்திருக்கும். அதற்குக் கீழே செய்த இடம், செய்த வருஷம். நம்பரும் அங்கேதான்.

வலது பக்கம் பார்த்தேன். ஒன்றுமில்லை. இடது பக்கம். ஒன்றுமில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். என் முகம் தெரிந்தது. மீசையில் காபி ஒட்டியிருந்தது.

"இங்க எழுத்து ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சு. அங்கதான் பொட்டு வைப்போம்" என்றார் சரோஜா.

"எதுக்குப் பொட்டு?"

"ஆயுத பூஜைக்குதான். மம்பட்டி, கலப்பை, பம்பு செட்டு ஸ்பேனர் எல்லாத்தையும் கழுவி வைக்கச்சொல்லோ இதையும் வைப்போம். அன்னிக்கு இவன் அண்ணனே உக்காந்து தேய்ப்பாரு. வேற யாரையும் தொட விட மாட்டாரு. முதல்ல புளி. அப்புறம் செங்கல் தூளு. அதுக்கும் அசையலன்னா உப்புத்தாள். மூஞ்சி தெரியணும் அவருக்கு. அவங்கப்பாவும் அப்படித்தானாம்."

அப்பா ஒரு தலைமுறை. நடராஜன் ஒரு தலைமுறை. கிரீடமும் ஊரும் வருஷமும் நம்பரும் புளித்தண்ணீரோடு வாய்க்காலில் போய்விட்டன. எந்த இடம் தேய்ந்தால் பாதகமில்லையோ அங்கெல்லாம் மேலோட்டமாக விட்டுவிட்டு, எது போனால் தொல்லையோ அந்த இடத்தைத் தேடிப் பிடித்துத் தேய்த்திருக்கிறார்கள். பொட்டு வைக்க அந்த இடம்தான் தட்டையாக, வாகாக இருந்திருக்கிறது.

இதுவரை எனக்கு இது ஒரு சுவாரசியமான சங்கதி. லைசென்ஸைப் பிரித்துப் பார்த்ததும்தான் சுவாரசியம் குறைந்தது. அதில் நம்பர் இருக்கிறது. துப்பாக்கியில் இல்லை. நம்பர் இல்லாத துப்பாக்கிக்குச் சட்டத்தில் வேறு பெயர்: கள்ளத் துப்பாக்கி.

"எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் ஸ்டேஷன்ல ஒப்படைக்கிறீங்களே, அப்ப யாரும் நம்பர் கேக்கலையா?"

"லைசென்ஸைப் பாத்து எழுதிக்குவாங்க" என்றார் குப்புசாமி. "இதுல பாத்து எழுத கண்ணு வலிக்கும் இல்ல?"

சரோஜாவின் முகம் மாறிவிட்டது. கலெக்டர் கேட்பது ஒரு பயம். அவரிடம் காட்ட நம்பர் இல்லை என்பது இரண்டாவது. நிஜமாகவே ஒரு நாள் யாராவது ஒத்துப் பார்த்தால் துப்பாக்கியும் போகும், லைசென்ஸும் போகும். கடலைக்குத் தகர டின்தான் காவல்.

நாளைக்கே மூவரும் வேலூர் போவது என்று முடிவாயிற்று. பொட்டலத்தை மறுபடி கட்டிக்கொண்டு இருவரும் பஸ் ஏறினார்கள்.

அன்று மாலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு அமெரிக்கரைப் பார்க்கப் போனேன். புத்தகம் மாற்றிக்கொள்ளும் சிநேகிதம். தன் ஊரில் பழைய துப்பாக்கிகளால் சுடுவதுதான் பொழுதுபோக்கு என்று ஒருமுறை சொல்லியிருந்தார். என் போதாத வேளை, அந்த மாதம் மௌன விரதம். கழுத்தில் சிலேட்டு.

நான் சொல்லி முடித்ததும் கண்கள் பளிச்சென்றன. மனத்தை அடக்க அத்தனை கடல் தாண்டி வந்தவர், பலப்பம் தேய எழுத ஆரம்பித்தார். அவர் நாட்டில் இந்தப் பழைய ஒற்றைத் தோட்டா டிசைன்களைப் புது எஃகில் அச்சு அசலாகச் செய்து விற்கிறார்களாம். பழசின் அழகு, புதுசின் பத்திரம். வாங்கத் தனிக் கூட்டமே இருக்கிறதாம். நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். சிலேட்டைத் துடைத்துவிட்டு நிதானமாக எழுதினார்.

"அசல் சுவருக்கு. நகல் தோளுக்கு."

பிறகு அதையும் அழித்துவிட்டு ஒரே வரி: "குழலின் உட்புறம் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. வெளியே எழுத்துத் தேடுகிற அவசரத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் வேலூர் பஸ். ஜன்னலோரம் கிடைத்தால் நான் கடைப் போர்டுகளைப் படித்துக்கொண்டு போவது வழக்கம். "எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது" என்று இரண்டு கடைகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் கவனிப்பது வேறு. ஸ்தாபித வருஷம். நம் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடை இருக்கிறது. ஒவ்வொரு முறை புது பெயின்ட் அடிக்கும்போதும் அதன் ஸ்தாபித வருஷம் கொஞ்சம் பின்னால் போய்விடும். நான் பார்க்கப் பார்க்க அது மூன்று முறை முன்னதாகப் பிறந்திருக்கிறது. இந்த வேகத்தில் போனால் ஒரு நாள் கோயிலுக்கு முன்பே அங்கே பாத்திரம் விற்றிருப்பார்கள். அசல் என்று பெயர் வாங்க நமக்கு அப்படி ஒரு ஆசை.

துப்பாக்கிக் கடை சின்னது. உள்ளே எண்ணெய் வாசனை. பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்களை வரவேற்றார். சரோஜா உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பித்துவிட்டார்.

"பாய், கலெக்டர் எதுக்குக் கேக்கறாரு? எங்க மேல யாராச்சும் பெட்டிஷன் போட்டாங்களா?"

"பெட்டிஷனா? இல்லீங்கம்மா. அவருக்கு ஆசை, கேக்கறாரு."

"ஆசைப்பட்டா எடுத்துக்குவாரா? கலெக்டரா இருந்தா?"

"சும்மா எடுத்துக்க மாட்டாரும்மா. விலை குடுப்பாரு. மெட்ராஸ்ல அவர் வீட்ல இந்த மாதிரி நாப்பது, அம்பது மாட்டி வெச்சிருக்காரு."

"மெட்ராஸ் கலெக்டருக்கு எங்க ஊர்ல இன்னா வேலை?" என்றார் குப்புசாமி.

பாய் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் அவருக்குப் புரிந்தது. அப்புறம் எனக்கு.

"அரே... அந்தக் கலெக்டர் இல்லீங்கம்மா! இவரு பழைய துப்பாக்கி சேக்கறவரு. ஸ்டாம்ப் சேக்கறாங்க இல்ல, அந்த மாதிரி. இங்கிலீஷ்ல அவங்களையும் கலெக்டர்னுதான் சொல்றது."

சரோஜா அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தார்.

"ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லடா."

"எனக்கு இன்னா தெரியும் அண்ணி? கலெக்டர்னா ஒரு கலெக்டர்தான். ரெண்டு வகை இருக்குன்னு எவன் சொன்னான்?"

நியாயம்தான். ஊரை ஆள்கிறவருக்கும் உளுத்த சாமான் சேர்க்கிறவருக்கும் ஒரே பெயர் வைத்தது குப்புசாமியின் குற்றமா?

பொட்டலம் பிரிந்தது. பாய் லீவரைத் தள்ளினார், மூடினார், தள்ளினார். வலது பக்கத்தைப் பார்த்தார். மெதுவாக விரலால் தடவினார்.

"ஸ்டாம்பு எங்க?"

புளிக் கதையைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அடையாளம் இல்லாம அவர் வாங்க மாட்டாரும்மா. இங்கிலீஷ் ஒரிஜினல்னு எதை வெச்சுச் சொல்றது?" என்றார்.

அதாவது புதுத் துப்பாக்கி கிடையாது. காசு போட்டு வாங்க இந்த வருஷம் சரோஜாவிடம் வசதி இல்லை. நகையில் கை வைக்க வேண்டும். அவர் லைசென்ஸ் உறையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள பாத்தீங்களா, பாய்? குழலுக்குள்ள?" என்று கேட்டேன். சிலேட்டு வாசகத்தை என் யோசனை போலச் சொல்லிவைத்தேன்.

"குழலைத் தனியா எடுத்தாதான் நல்லாப் பாக்க முடியும், அதுக்குக் கீழ் மரத்தைக் கழட்டணும் சார்" என்று சொல்லி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். குழலைத் தாங்கும் மரக்கட்டை லேசில் வரவில்லை. எப்போதோ போட்ட எண்ணெய் பிசினாக ஒட்டியிருந்தது. தட்டித் தட்டிப் பிரித்ததும், குழலின் அடிப்பக்கம் கறுப்பாக வெளியே வந்தது. புளி தொடாத ஒரே இடம்.

அங்கே நம்பர் இருந்தது.

நான் லைசென்ஸைப் படிக்க, பாய் குழலைப் படித்தார். முதல் எண், இரண்டாவது, மூன்றாவது... கடைசி எண்ணும் ஒத்துப்போனது. சரோஜா ஒரு பெருமூச்சு விட்டார். லைசென்ஸ் பிழைத்தது.

நம்பருக்குப் பக்கத்தில் ஒரு கிரீடம். அதற்கும் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு ஊர்ப் பெயர். "லண்டன்! லண்டன்தானே சார் அது?" என்று குப்புசாமி குதித்தார். நானும் குதித்திருப்பேன். பூதக்கண்ணாடி கையில் இருந்ததால் முதலில் அதை வைத்துப் பார்த்தேன்.

லண்டன்தான். ஆனால் அதில் இருக்கிற இரண்டு 'என்' எழுத்தும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி நின்றன.

பாய் என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார்.

"இது லண்டன் இல்லம்மா. அந்தக் காலத்துல வடமேற்கு எல்லைப்புறத்துப் பட்டறைங்கள்ல வெள்ளைக்காரன் துப்பாக்கியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ராவி ராவி அதே மாதிரி செய்வாங்க. இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எழுத்தைப் படமாப் பாத்து வெட்டுவாங்க. அப்போ இப்படித் திரும்பிக்கும்."

நகல்! நாங்கள் அசல் என்று சுமந்து வந்ததே நகல். தன் தேசத்துத் தலைநகரின் பெயரையே திருப்பி எழுதிய துரை ஒருவர் ஜவ்வாது மலையில் வேட்டையாடியிருக்கிறார் என்று நம்ப வேண்டும். இல்லையென்றால் தாத்தா எங்கேயோ சந்தையில் வாங்கியிருக்கிறார் என்று நம்ப வேண்டும். தேதி பார்க்கிற புத்திக்கு இரண்டாவதுதான் எளிது. குப்புசாமியிடம் நான் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அவரே கணக்குப் போட்டுவிட்டது தெரிந்தது.

பாய் குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பார்த்தார். சிரிப்பு நின்றது.

"யாரோ இதை ஷாட்கன்ல போடற ரவைத் தோட்டாவுக்காக உள்ளே குடைஞ்சிருக்காங்க. அதுவே கொஞ்சம் ஜாஸ்தி, குழல் மெலிசாயிடுச்சு. மிச்சத்தைத் துரு தின்னுடுச்சு. நீங்க வெளியே தேய்ச்சீங்க, அது உள்ளே தேய்ச்சுது. இனிமே இதைச் சுடாதீங்கம்மா, குழலே வெடிச்சிடும். மூணுல ரெண்டு வெடிக்காம இருந்தது உங்க அதிர்ஷ்டம்."

சரோஜா குழலின் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு இது எதுவும் தெரியாது" என்றார். "ஒரிஜினல் லண்டன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தாரு." லைசென்ஸைக் கூடைக்குள் வைத்தார். "தெரியாமலே போய்ட்டாரு. போவட்டும். பாய், தகரம் அடிச்சா பன்னி எவ்ளோ நாளைக்கு பயப்படும்?"

"ரெண்டு நாளு" என்றார் குப்புசாமி. "மூணாம் நாளு தாளம் போடும்."

பாய் என்ன நினைத்தாரோ, போனை எடுத்து மெட்ராஸுக்குப் போட்டார். நாங்கள் கேட்டது ஒரு பக்கப் பேச்சுதான்.

"ஸலாம் சார்... வந்திருக்கு சார். ஆனா ஒரிஜினல் இல்ல... இல்ல சார், எல்லைப்புறத்துக் காப்பி... ஆமா, லண்டன்னு போட்டிருக்கு... ரெண்டு 'என்'னும் உல்ட்டா சார்... ரெண்டுமே... நிஜமாத்தான் சார்... சுடறதுக்கு இல்ல, குழல் போயிடுச்சு... பரவாயில்லையா?... சரி சார். சரி சார். எடுத்து வெக்கறேன்."

போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

"'ஒரிஜினல் என்கிட்ட நாலு இருக்கு பாய், தப்பாச் செஞ்சதுதான் இல்லை'ங்கறாரு. எழுத்து திரும்பினது கிடைக்கறது கஷ்டமாம். வெளியே இருந்த ஸ்டாம்பையும் தேய்க்காம விட்டிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பாராம்."

வாசகர்களே, இதை எந்தக் கணக்கில் வைப்பது? அசலாக இருந்தால்தான் மதிப்பு என்று வந்தோம். நகல் என்று தெரிந்து மனம் தளர்ந்தோம். நன்றாகச் செய்த நகலாக இருந்திருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. தப்பாகச் செய்த நகல் என்பதால் விலை போயிற்று.

பாய் மாற்றுக்குத் தயார். இரண்டு துப்பாக்கிகளை மேஜை மேல் வைத்தார். ஒன்று, சாதாரணமாக நடுவில் மடக்கித் தோட்டா போடும் ஒற்றைக் குழல். பார்க்க மொட்டையாக இருந்தாலும் உறுதி. இதை எடுத்தால் கையில் கொஞ்சம் காசும் தருவதாகச் சொன்னார். மற்றது, வடக்கே ஒரு பட்டறையில் பழைய லீவர் டிசைனிலேயே செய்த புதுசு. இதை எடுத்தால் சரிக்குச் சரி.

புதுசின் வலது பக்கத்தைப் பார்த்தேன். கிரீடம் இருந்தது! அதன் கீழே பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒரு வருஷம், சுத்தமான எழுத்தில்.

"பாய், இது போன வருஷம் செஞ்சதுதானே?"

"ஆமா சார்."

"அப்ப இது என்ன வருஷம்?"

"அது டிசைன் பொறந்த வருஷம் சார். துப்பாக்கி பொறந்த வருஷமும் நம்பரும் உள்ளே, மரத்துக்கு அடியில இருக்கு."

நம் கடைத்தெருப் பெயின்டர் ஞாபகம் வந்தது.

"மடக்கறதையே எடுத்துக்கலாம் அண்ணி. கையில காசும் வருது" என்றார் குப்புசாமி. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வெறும் சத்தத்துக்காக எதற்கு லீவரும் கிரீடமும்? நகலுக்கு நகல் வாங்கிக்கொண்டு போவதில் என்ன அர்த்தம்?

சரோஜா எங்களைக் கேட்கவில்லை. மடக்குத் துப்பாக்கியை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். இருட்டில் காவல் பரண் மேல் உட்கார்ந்திருப்பது போல. மடக்கும் பிடியைக் கை தேடியது. கிடைக்கவில்லை. குழலைத் தவறிப் பிடித்ததில் அதன் வாய் அவர் பக்கமே திரும்பியது. பாய் சட்டென்று கை நீட்டித் தள்ளிவிட்டார்.

அதை வைத்துவிட்டு லீவர் துப்பாக்கியை எடுத்தார். மறுபடி கண்ணை மூடினார். லீவர் இறங்கியது, கட்டை விரல் இல்லாத தோட்டாவைத் தள்ளியது, லீவர் ஏறியது. ஒரு மூச்சு நேரம்.

"இதுதான்" என்றார்.

"அண்ணி, காசு—"

"இருட்டுல தோட்டா போடறதுக்கு லைட்டு வேணும்னா நான் எங்க போறது? என் கைக்கு இதுதான் தெரியும். நீ வேணா அதை வாங்கிக்கோ. நீ சுட்டா ஓடறது நம்ம மாடுதான்."

எது அசல் என்பது என் கேள்வி. எது திரும்பிய எழுத்து என்பது மெட்ராஸ்காரரின் கேள்வி. இருட்டில் கை எதைத் தேடாமல் கண்டுபிடிக்கும் என்பது சரோஜாவின் கேள்வி. பழைய டிசைன்களைப் புதிதாகச் செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல காரணம் யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

பழசை ஒப்படைக்கவும் புதுசை வாங்கவும் மனு போட வேண்டும். யாரிடம்? கலெக்டரிடம்தான். ஒரு கலெக்டர் கேட்டதை இன்னொரு கலெக்டர் அனுமதிக்க வேண்டும். அந்த நாட்களில் குப்புசாமியும் சரோஜாவும் முறை வைத்துத் தகரம் அடித்தார்கள், சரவெடி போட்டார்கள். குன்றோரம் இரண்டு பாத்தி போயிற்று. புரட்டாசியில் அனுமதி வந்தது. முதல் வெடிக்கே பன்றிகள் மேடு ஏறிவிட்டன என்று குப்புசாமி நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். மிச்சக் கடலை பிழைத்தது. பன்றிகளுக்கு அசல், நகல் பேதம் இல்லை போலிருக்கிறது.

போன வாரம் ஆயுத பூஜை. பொரி, சுண்டலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன்.

கூடத்தில் வாழையிலை. மம்பட்டி, கலப்பைக் கொழு, ஸ்பேனர் வரிசை. அவற்றுக்கு நடுவில் புதுத் துப்பாக்கி. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் புளி. குப்புசாமி சம்மணமிட்டு உட்கார்ந்து உப்புத்தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க? நம்பர் போயிடும்!" என்று அலறினேன்.

"நம்பர் மரத்துக்கு அடியிலதானே சார் இருக்கு. பாய் காட்டலியா?" என்றார் அவர்.

"குழலுக்கு உள்ளாற எண்ணெய் போட்டு இழுத்துட்டேன்ணா, அது மறக்கல" என்றார் சரோஜா. "மேல தேய்க்காம எப்படி சாமிகிட்ட வைக்கறது? அவரு இருந்தா விடுவாரா?"

சொல்லிக்கொண்டே சந்தனத்தைத் தொட்டார். துப்பாக்கியைத் திருப்பினார். வலது பக்கம், லீவருக்கு மேலே, தட்டையான அந்த இடத்தில், கிரீடத்தின் மேல், பொட்டு வைத்தார்.

இன்னும் இரண்டு தலைமுறை பொறுங்கள். இதுவும் ஒரிஜினல் ஆகிவிடும்.